கேள்வி நேரம்: ஓட்டத் தேர்வு, நீல மாத்திரை, பீரோவில் கிடக்கும் பந்து

பள்ளி உடல்தகுதித் தேர்வு, இரும்புச்சத்து மாத்திரை, ஊராட்சிக்கு வந்த விளையாட்டுப் பொருட்கள், வேலைவாய்ப்புக்கான சான்றிதழ் என்று பிள்ளைகளுக்கான அரசுத் திட்டங்களைப் பற்றி வந்த கடிதங்களை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் 'கேலோ இந்தியா' உடல்தகுதித் தேர்வு வைத்தார்கள். 600 மீட்டர் ஓட்டத்தில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். அறிக்கையில் 'எல்2' என்று போட்டிருக்கிறது. ஃபெயில் என்று அர்த்தமா? அடுத்த தேர்வுக்குள் என்ன செய்யலாம்?
— ஒரு தாய், பெரம்பலூர்

பதில்: இதில் ஃபெயில் கிடையாது. எல்1 முதல் எல்7 வரை ஏழு படிகள். அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் உங்கள் மகன் எங்கே நிற்கிறான் என்று சொல்வதோடு அந்த அறிக்கையின் வேலை முடிந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு), ஒற்றைக்காலில் நிற்பது, இரண்டு வட்டுகளை மாற்றி மாற்றிக் கையால் தட்டுவது ஆகிய மூன்று மட்டும். நான்காம் வகுப்பிலிருந்து பி.எம்.ஐ.யோடு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து கையை நீட்டுவது, 30 வினாடி வயிற்றுப் பயிற்சி, தண்டால் (பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் ஊன்றி) எல்லாம் உண்டு.

600 மீட்டரில் உட்காரும் பிள்ளைகளில் பலர் முதல் 100 மீட்டரைத் தலைதெறிக்க ஓடியவர்கள். கணக்கு எளிது. மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 30 வினாடி. ஓரத்தில் நண்பர்கள் விசில் அடிக்கும் உற்சாகத்தில் முதல் நூறை 20 வினாடியில் ஓடிவிடுவான். முந்நூறாவது மீட்டரில் கால் கனத்துவிடும். ஆகவே முதலில் பழக்க வேண்டியது வேகத்தை அடக்குவது. 100 மீட்டரை டேப் வைத்து அளந்து, கையில் கடிகாரத்தோடு நில்லுங்கள். 28 வினாடிக்கு முன்னால் வந்துவிட்டால் அந்தச் சுற்று செல்லாது என்று சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் வேகம் உடம்பில் பதிந்துவிடும்.

வாரம் மூன்று நாள் போதும், எட்டு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. அடுத்த இரண்டு வாரம் இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, ஏழு முறை. ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு நாள் மட்டும் 200 மீட்டரைத் தேர்வு வேகத்தில் நான்கு முறை, நடுவில் இரண்டிரண்டு நிமிட நடை. மற்ற இரண்டு நாளும் நிற்காமல் 12 முதல் 15 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். முழு 600 மீட்டரைக் கடைசி இரண்டு வாரத்தில் வாரம் ஒரு முறை மட்டும் ஓடிப் பார்த்தால் போதும். தினமும் ஓடவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வரும். பிறகு தேர்வும் இல்லை, விளையாட்டும் இல்லை.

தேர்வு நாளில் வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டச் சாப்பிட்டதும் ஆகாது. இரண்டு மணி நேரம் முன்பு இட்லி போல ஏதாவது. வெயில் ஏறிய பிறகு ஓட்டம் வைத்தால் எந்தப் பிள்ளையும் இறங்குமுகம்தான், காலையிலேயே நடத்தச் சொல்லி உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்கலாம். பி.எம்.ஐ. எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள்: பெரியவர்களுக்கான 25 என்ற கோடு வளரும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது, வயதுக்கேற்ற அட்டவணை தனி. ஆனால் ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலி வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஈ.சி.ஜி.யும் ஹீமோகுளோபின் பரிசோதனையும் அவசியம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மகளுக்குப் பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிட்டோம். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் கொடுத்தால் போதாதா?
— ஒரு தந்தை, திருவண்ணாமலை

பதில்: மலம் கறுப்பது உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதால். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. குமட்டலுக்குக் காரணம் அநேகமாக வெறும் வயிறு. மதிய உணவு முடிந்த கையோடு ஒரு டம்ளர் தண்ணீரில் முழுசாக விழுங்க வேண்டும். மென்றால் வாயெல்லாம் இரும்பு வாடை அடிக்கும், அதிலேயே பாதிப் பேர் அடுத்த வாரம் மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிடுகிறார்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம், அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று இருந்தால் உறிஞ்சுவது கூடும்.

10 முதல் 19 வயது வரை தரப்படும் இந்த நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை, அதில் 45 மில்லிகிராம் இரும்பு. ஆண்டுக்கு இரண்டு முறை தரும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் குடற்புழு மாத்திரையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்க, மேலே இரும்பை ஊற்றிப் பயன் இல்லை.

கீரை விஷயத்துக்கு வருவோம். முருங்கைக்கீரை 100 கிராமில் ஏறக்குறைய நாலரை மில்லிகிராம் இரும்பு. கம்பில் ஆறு சொச்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கில் 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் தேவை. தட்டில் விழும் ஒரு கரண்டி கீரை எவ்வளவு தூரம் போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கீரையைக் கட்டாயம் கொடுங்கள், மாத்திரையின் இடத்தில் அதை வைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரை வாங்கத் தெரியாத வீடுகள் அல்ல அவை.

முக்கியமான ஒன்று. வாரம் ஒரு மாத்திரை என்பது வராமல் தடுக்க மட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்குத் தினசரி மாத்திரை, பெரும்பாலும் மூன்று மாதம், மருத்துவர் சொல்லும் அளவில். 8-க்குக் கீழே போனால் மருத்துவமனைதான். ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் ஏறவில்லை என்றால் தலசீமியா, சிக்கில் செல் போன்ற பரம்பரை ரத்த நோய் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே சிக்கில் செல் இருப்பது தெரிந்த விஷயம், அங்கே முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. மேலே பெரம்பலூர்த் தாயார் கேட்ட மூச்சு வாங்கலுக்கும் சில சமயம் ரத்தசோகையே காரணம்.

கேள்வி: மாதவிடாய் நாட்களில் பி.டி. வகுப்புக்குப் போகலாமா?
— பத்தாம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: தாராளமாக. ஓடுவதாலோ குதிப்பதாலோ எந்தக் கெடுதலும் இல்லை, பலருக்கு வயிற்று வலி குறையும். அதிக வலியோ, ஏழு நாளுக்கு மேல் போக்கோ இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடும் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராமல் நின்றால் சாப்பாடு போதவில்லையோ என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சிக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் பெட்டி பெட்டியாகப் பொருட்கள் வந்தன. வாலிபால் இரண்டே வாரத்தில் கோழிமுட்டை போல் ஆகிவிட்டது. 'கொடுத்தால் கெடுத்துவிடுகிறீர்கள்' என்று மீதியை அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எப்படி வெளியே எடுப்பது?
— இளைஞர்கள், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: பூட்டை விட்டுவிட்டு முதலில் பந்தைப் பார்ப்போம், அது சரியானால் பூட்டு தானாகத் திறக்கும்.

வாலிபாலுக்கு வேண்டிய காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ, அதாவது பம்பு மீட்டரில் 4.3 முதல் 4.6 பி.எஸ்.ஐ. கால்பந்துக்கு 8.5-லிருந்து 15.6 வரை போகலாம். நம் ஊரில் நடப்பது என்ன? சைக்கிள் கடை கம்ப்ரசரில் இரண்டு பந்துக்கும் ஒரே பிடி பிடிக்கிறார்கள். வாலிபால் கல் மாதிரி ஆகிறது, உள் பிளாடர் பலவீனமான பக்கம் புடைக்கிறது, மேல் தோலின் ஒட்டு விடுகிறது. அதுதான் உங்கள் கோழிமுட்டை. மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்று வாங்குங்கள், செலவு பந்தின் விலையில் ஒரு பகுதிதான். இரண்டாவது குற்றவாளி ஊசி. காய்ந்த ஊசியைக் குத்தினால் வால்வின் ரப்பர் கிழிந்து காற்று மெல்ல இறங்கும். ஒரு சொட்டு கிளிசரின் தொட்டு, நேராக, திருகாமல் செருகுங்கள். கிளிசரின் இல்லாவிட்டால் தண்ணீராவது. வாலிபாலைக் காலால் உதைப்பதும் அதன் மேல் உட்கார்ந்து கதை பேசுவதும் தடை என்று எழுதியே ஒட்டுங்கள்.

வலையை ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்து, உலர்த்தி, எலி எட்டாத இடத்தில் தொங்கவிட வேண்டும். மழையில் நனைந்து சுருட்டிய வலை ஒரு பருவம் தாங்காது. ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24, கம்பத்தில் இரண்டு கொக்கி அடித்துவிட்டால் மாலையில் பெண்கள் ஆட வரும்போது யாரையும் கெஞ்ச வேண்டாம். டென்னிஸ் பந்துக்கான மட்டையில் லெதர் பந்து ஆடினால் முதல் ஓவரிலேயே விளிம்பு சிதறும்.

இனிப் பூட்டு. பத்துப் பேர் கையெழுத்தோடு ஒரு பக்க மனு எழுதுங்கள்: எந்தெந்தப் பொருள், தினமும் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சாவிக்குப் பொறுப்பு யார் யார் (இருவர், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்), எடுத்ததும் திருப்பியதும் எழுதும் பதிவேடு யாரிடம். தலைவர் அல்லது தனி அலுவலரிடம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் கிராமசபையில் தீர்மானமாக வையுங்கள்; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு ஒரு பிரதி. வந்த பொருட்களின் இருப்புப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், ஆனால் அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே நீட்டினால் உறவு கெட்டு, பந்து இன்னும் ஒரு வருடம் உள்ளேயே கிடக்கும்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பையன் காலை 6 மணிக்குக் கபடிப் பயிற்சிக்குப் போய் நேராகப் பள்ளிக்குப் போகிறான். மதியச் சத்துணவு வரைக்கும் தாங்குமா?
— விழுப்புரம் வாசகி

பதில்: தாங்காது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோதே ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, காய்கறி என்பது அதன் அளவு. கபடி ஆடும் எட்டாம் வகுப்புப் பையனின் காலைப் பசி இதைவிடப் பெரியது. மதிய உணவுக்கு மத்திய அரசு வகுத்த அளவு ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு 700 கிலோகலோரி, 20 கிராம் புரதம். தமிழ்நாட்டில் பள்ளி நாட்களில் முட்டையும் சேர்கிறது. ஆனால் 13 வயதுப் பையனுக்கு நாள் முழுவதற்கும் 45 கிராம் புரதம் வேண்டும், மீதி வீட்டுப் பொறுப்பு.

பயிற்சிக்குக் கிளம்புமுன் ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் தண்ணீர். முடிந்த அரை மணிக்குள் டப்பாவில் கட்டிய நாலு இட்லி, அவித்த முட்டை அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை. வீட்டில் அடுப்பு மூட்டும் முன்பே அவன் கிளம்புவதாக இருந்தால் இரவே ஊறவைத்த பச்சைப்பயறும் பழைய சோறும் மோரும் போதுமானவை. வாழைப்பழம் இல்லாத நாளில் கடலை மிட்டாய் இரண்டு. பாக்கெட் பானங்களில் காசைப் போட வேண்டாம்.

கேள்வி: மகள் சிலம்பத்தில் 'தேசிய அளவிலான' போட்டிகளில் நிறையத் தங்கம் வாங்கியிருக்கிறாள். மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் சான்றிதழ் செல்லாது என்கிறார்கள். ஏன்?
— திருப்பூர் வாசகர்

பதில்: பதக்கத்தின் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. எந்தப் படிவத்தில், யார் கையெழுத்து என்பதுதான் விஷயம். மத்திய அரசு ஒதுக்கீட்டில் படிவம் 1 என்பது இந்தியாவுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியவருக்கு, தேசியச் சம்மேளனச் செயலாளர் கையெழுத்து. படிவம் 2 மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு, தேசியச் சம்மேளன அல்லது மாநிலச் சங்கச் செயலாளர். படிவம் 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு, பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர். படிவம் 4 தேசியப் பள்ளி விளையாட்டில் மாநில அணிக்காக ஆடியவருக்கு, கல்வித்துறையில் பள்ளி விளையாட்டுக்குப் பொறுப்பான இயக்குநர் நிலை அதிகாரி. கோச் கையெழுத்தும் ஹெட்மாஸ்டர் முத்திரையும் இங்கே எடுபடாது.

சிலம்பம், கராத்தே, யோகா ஆகியவற்றில் இது அதிகம் நடக்கிறது. 'ஆல் இந்தியா ஓப்பன் நேஷனல்' என்று பேனர் கட்டி, நுழைவுக் கட்டணம் வாங்கி, வந்தவர் எல்லோருக்கும் ஒரு மெடல் மாட்டி அனுப்பும் போட்டிகள் ஏராளம். மாநிலத் தேர்வுப் போட்டி நடத்தாமல் பணம் கட்டியவரை எல்லாம் 'நேஷனலுக்கு' ஏற்றிச் செல்கிறார்கள் என்றால் அங்கேயே சந்தேகப்படலாம். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி: நடத்தும் அமைப்புக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் இந்த ஆண்டு இருக்கிறதா, மாநிலச் சங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா, படிவம் 2 தருவீர்களா. மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். மாநில அரசு வேலைக்கு 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு தனி, அதன் விதிகளும் தகுதிப் பட்டியலும் தனி. ஒவ்வொரு அறிவிக்கையின் இணைப்பையும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

மாநில அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டி நல்ல வாசல். பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது, கல்லூரி 17 முதல் 25, பொதுப் பிரிவு 15 முதல் 35. ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பதிவுக்கு ஒரு மாதம் முன்பே பார்த்துச் சரிசெய்யுங்கள். வயதில் சந்தேகம் வந்தால் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கும் முறை விளையாட்டில் உண்டு. 'ரெண்டு வயசு குறைச்சுப் போட்டுக்கலாம்' என்று சொல்லும் கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள்.

கேள்வி: 17 வயது, 60 கிலோ. ஜிம் மாஸ்டர் தினமும் இரண்டு ஸ்கூப் புரோட்டீன் பவுடர் எடுக்கச் சொல்கிறார். வீட்டில் திட்டுகிறார்கள். யார் சொல்வது சரி?
— கோவை மாணவர்

பதில்: வீடு. உங்கள் வயது ஆணுக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு நாளொன்றுக்கு 55 கிராம் புரதம். எடைப் பயிற்சி செய்வதால் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வைத்தாலும் 72-லிருந்து 96-க்குள்தான் வரும். சாப்பாட்டிலேயே எத்தனை கிராம் புரதம் என்று கூட்டிப் பாருங்கள்: நாலு இட்லி, சாம்பார் 12, இரண்டு முட்டை 12, மதியம் 150 கிராம் அரிசிச் சோற்றில் 11, அதோடு 40 கிராம் பருப்பில் 9, மாலையில் 50 கிராம் வேர்க்கடலை 12, இரண்டு டம்ளர் பால் 13, இரவு மூன்று சப்பாத்தி 9, 40 கிராம் கொண்டைக்கடலை 8. மொத்தம் 86. முட்டை சாப்பிடாத வீடென்றால் 25 கிராம் சோயா உருண்டை அந்த இடத்தை நிரப்பும்.

2024-ல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டியும் தசைக்காகப் புரதப் பவுடர் வேண்டாம் என்றே சொல்கிறது. எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை டப்பாவுக்குள் லேபிளில் இல்லாத சரக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இல்லாதது, 'மாஸ்டர் பிராண்ட்' என்று கவரில் கட்டித் தருவது, ஒரே மாதத்தில் ஐந்து கிலோ ஏறும் என்று சத்தியம் செய்வது, மூன்றையும் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் உங்கள் வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு சீக்கிரம் மூடி உயரம் நின்றுபோகும். போட்டிகளில் ஆடுபவராக இருந்தால் ஊக்கமருந்துச் சோதனையில் 'எனக்குத் தெரியாது' என்ற பதில் செல்லாது. உடம்பில் இருந்தது எதுவோ அதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு.

கேள்வி: மகனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் எடுத்துக்கொண்டு மாநிலப் போட்டியில் ஓடினால் ஊக்கமருந்து என்று பிடிப்பார்களா?
— நாகர்கோவில் வாசகி

பதில்: சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு அனுமதி உண்டு, அளவோடு: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த எட்டு மணி நேரத்திலும் 600-க்கு மேல் கூடாது. சாதாரண இன்ஹேலரில் ஒரு அழுத்தத்துக்கு 100, ஆகவே எட்டு மணி நேரத்துக்கு ஆறு அழுத்தம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெபுலைசரில் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ இருந்தால் தடை. நம் மருந்துக்கடைகளில் சளிக்கு எடுத்துக் கொடுக்கும் பல சிரப்புகளில் சால்பியூட்டமாலோ டெர்பியூட்டலினோ இருக்கும், பாட்டிலின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்தே வாங்குங்கள். டெர்பியூட்டலின் எந்த வடிவிலும் முன் அனுமதி இல்லாமல் கூடாது, பிரெட்னிசலோன் மாத்திரை போட்டிக் காலத்தில் கூடாது. அவசரத்துக்கு எடுக்க நேர்ந்தால் உயிர்தான் முதலில், மருந்தைக் கொடுத்துவிடுங்கள்; டாக்டர் சீட்டையும் மூச்சுத்திறன் பரிசோதனை அறிக்கையையும் வைத்துக்கொண்டு உடனே விதிவிலக்குக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.